பேச்சு சொல்லித் தரும் பெண்ணுக்கு ஆபரேஷன் தியேட்டரில் என்ன வேலை?

சென்ற மாதம் ஒரு சாயங்காலம். என் கிளினிக்கில் கடைசி டோக்கன். எங்கள் தெருவிலேயே குடியிருக்கும் ஓர் அம்மா. வழக்கமாக முழங்கால் வலிக்குத் தைலம் வாங்க வருபவர். அன்றைக்கு அவர் வந்தது முழங்காலுக்கு அல்ல.

"டாக்டர், என் பொண்ணு விஷயமா ஒண்ணு கேக்கணும். பேச்சு, காது சம்பந்தமான படிப்பு நாலு வருஷம் முடிச்சா. சரி, பேச்சு வராத குழந்தைங்களுக்குச் சொல்லித் தர்ற புண்ணிய காரியம்னு நாங்களும் சந்தோஷப்பட்டோம். இப்ப எம்.எஸ்ஸி. சேர்ந்திருக்கா. அங்க என்னடான்னா ஆபரேஷன் தியேட்டர்ல நிக்க வைக்கிறாங்களாம். கழுத்துல ஓட்டை போட்டவங்க, நாக்குல பாதியை எடுத்தவங்க... பார்த்துட்டு வந்து ராத்திரி ஒரு வாய் சாப்பிட மாட்டேங்கறா. டீச்சர் வேலை மாதிரி ஒரு வேலைக்கு இதெல்லாம் எதுக்கு டாக்டர்? படிப்பை நிறுத்திடலாமான்னு அவங்க அப்பா கேக்கறார்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் நான் முதலாண்டு படிக்கும்போது, உடற்கூறு வகுப்பில் பிணத்தை அறுத்துப் பார்த்துவிட்டு வந்து, பத்து நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அப்போது என் பெரியப்பா கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. "கஷாயம் காய்ச்சப் போறவனுக்குப் பொணத்தை அறுக்கற வேலை எதுக்குடா?"

அவருக்கு அன்று பதில் சொல்லத் தெரியவில்லை. இந்த அம்மாவுக்குச் சொன்னேன். அதற்கு நான் செய்த ஒரு தப்பைச் சொல்ல வேண்டியிருந்தது. உங்களிடமும் சொல்லிவிடுகிறேனே!

சுமார் 20 வருடத்துக்கு முந்தைய கதை. பக்கவாதம் வந்து, ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்துவிட்டு வீடு திரும்பிய ஒரு பெரியவரை என்னிடம் அழைத்து வந்தார்கள். வலது கை, கால் கொஞ்சம் அசைந்தது. பேச்சு குழறியது. எல்லாம் பார்த்து, வாதத்துக்கு உரிய கஷாயம் ஒன்றை 60 மி.லி. வீதம் காலையும் மாலையும் கொடுக்கச் சொன்னேன். இரண்டாம் நாள் மகன் போன் செய்தார். "கஷாயம் குடிச்சா இருமுறார் சார்." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கசப்பா இருக்கும், அதான். தேன் கலந்து குடுங்க!"

ஐந்தாம் நாள் கடும் ஜுரம். மூச்சு இரைப்பு. மறுபடியும் ஆஸ்பத்திரி. நுரையீரலில் நிமோனியா.

அங்கிருந்து எனக்கு ஒரு போன் வந்தது. பெரிய டாக்டர் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். பேசியது ஒரு பெண் குரல். 25 வயதுக்கு மேல் இருக்காது. "சார், நான் இங்க ஸ்பீச் பெத்தாலஜிஸ்ட். நீங்க குடுத்த கஷாயம் தண்ணி மாதிரி இருக்குமா, இல்ல கொழகொழன்னு இருக்குமா? குடிச்சதும் அவர் குரல் ஈரமா, களகளன்னு மாறிச்சான்னு யாராவது சொன்னாங்களா?"

எத்தனையோ வருடமாகக் கஷாயம் கொடுக்கிறேன். கசப்பு, துவர்ப்பு, காரம் எல்லாம் பார்த்திருக்கிறேன். கஷாயம் எவ்வளவு நீர்த்திருக்கிறது என்று என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான்!

பிறகு அவரே பொறுமையாக விளக்கினார். நாம் ஒரு நாளைக்குச் சுமார் 500 முதல் 700 தடவை விழுங்குகிறோம். உமிழ்நீரையும் சேர்த்துத்தான். ஒவ்வொரு தடவையும் குரல்வளை மேலே எழும்பி, மூச்சுக்குழாயின் வாசலை மூடிக்கொள்கிறது. சாப்பாடு பின்பக்கத்து உணவுக்குழாய்க்குள் வழுக்கிப் போகிறது. மூளையிலிருந்து வரும் ஐந்து ஜோடி நரம்புகள் இதற்காக ஒருங்கிணைந்து வேலை செய்ய வேண்டும். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆரம்ப நாட்களில் இந்த வேலை தடுமாறுகிறது. தண்ணீர், காபி, கஷாயம் போல நீர்த்தது வேகமாக ஓடிவிடும். கதவு மூடுவதற்குள் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். அந்தப் பெரியவரின் இருமல், உடம்பு கொடுத்த எச்சரிக்கை மணி. அதைத்தான் நான் 'கசப்பு' என்று தள்ளிவிட்டேன்.

இதைவிட மோசமான ஒன்றையும் அவர் சொன்னார். சில நோயாளிகளுக்கு உணர்வே மரத்துப்போய், சாப்பாடு நுரையீரலுக்குள் போனாலும் இருமலே வராதாம். வீட்டார் 'தாத்தா நல்லா சாப்பிடறார்' என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்பார்கள்.

பெரியவர் பிழைத்துக்கொண்டார். அந்தப் பெண்ணின் புண்ணியம் அது. எந்தப் பதத்தில் உணவு கொடுப்பது, தலையை எப்படிக் குனிந்து விழுங்குவது என்று படிப்படியாகப் பழக்கினார். (கெட்டியாகக் கொடுத்தால் ஆபத்து இல்லை என்று நீங்களாக முடிவு கட்டிவிடாதீர்கள். சிலருக்குக் கெட்டியானது தொண்டையிலேயே தேங்கி, பிறகு உள்ளே இறங்கும். ஆளைச் சோதித்துத்தான் சொல்ல வேண்டும்.)

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்தப் பெண் 'பேச்சு சொல்லித் தரும் டீச்சராக' மட்டும் படித்திருந்தால், என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பாரா? மூளையில் எந்த இடத்தில் அடைப்பு, எந்த நரம்பு சோர்ந்திருக்கிறது, எக்ஸ்ரேயில் நுரையீரலின் எந்தப் பகுதி வெளுத்திருக்கிறது, இதெல்லாம் தெரிந்ததால்தானே கேட்டார்?

நம் வீட்டுப் பழக்கம் ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். எச்சில் படாமல் டம்ளரைத் தூக்கி அண்ணாந்து குடிக்கிறோம் அல்லவா? ஆரோக்கியமான ஆளுக்கு அது நல்ல பழக்கம். பக்கவாதம் வந்தவருக்கு அதுவே ஆபத்து. தலை பின்னால் சாயும்போது மூச்சுக்குழாயின் வாசல் நன்றாகத் திறந்துகொள்ளும். படுத்தபடி இருப்பவருக்குப் பாலாடையில் கஞ்சி ஊற்றுவதும் அப்படித்தான். பாசத்தோடு செய்கிறோம். ஆனால் ஊற்றுவது எங்கே போகிறது என்று பார்ப்பதில்லை.

உள்ளே போவதைப் பார்க்க வழி இருக்கிறது. பேரியம் கலந்த உணவை விழுங்கச் சொல்லி எக்ஸ்ரேயில் ஓடும் படமாகப் பார்ப்பது ஒன்று. மூக்கு வழியாக மெல்லிய குழாய்க் காமிராவை விட்டுப் பார்ப்பது இன்னொன்று. முதலாவதை நெறிப்படுத்தி 1983-இல் புத்தகமே எழுதியவர் ஜெரி லோகமன். இரண்டாவதை 1988-இல் வெளியிட்டவர் சூசன் லாங்மோர். இருவரும் அமெரிக்கப் பெண்மணிகள். இருவருமே பேச்சு நோயியல் நிபுணர்கள்தான். இந்தத் துறைக்காரர்கள் மருத்துவம் தெரிந்துகொண்டதால் உலகத்துக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு இது ஒன்றே போதும்.

இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் வேடிக்கையாக இருக்கும். உயிரோடு இருக்கும் மனிதனின் குரல் நாண்கள் அசைவதைத் தெளிவாகப் பார்த்து உலகுக்குச் சொன்னவர் எந்த டாக்டரும் அல்ல. மானுவேல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார்! 1854-இல் பல் டாக்டரின் சின்னக் கண்ணாடி ஒன்றைத் தன் தொண்டைக்குள் நுழைத்து, சூரிய வெளிச்சத்தை இன்னொரு கண்ணாடியால் உள்ளே பாய்ச்சி, தன் குரல் நாண்களைத் தானே பார்த்தார். 101 வயது வரை வாழ்ந்தார் மனிதர். 'வாத்தியாருக்குத் தொண்டைக்குள் என்ன வேலை' என்று அன்று யாராவது அவரைத் தடுத்திருந்தால்?

சரி, அந்த அம்மா சொன்ன 'கழுத்து ஓட்டை'க்கு வருகிறேன். இது மிகவும் முக்கியம்.

கழுத்தில் ஓட்டை என்றால் எல்லாம் ஒன்றல்ல. ஒரு வகை, 'டிரக்கியாஸ்டமி'. மூச்சு விடச் சிரமப்படுபவருக்குக் கழுத்தில் துளை போட்டு டியூப் வைப்பார்கள். குரல்வளை அங்கேயேதான் இருக்கும். இன்னொரு வகை, புற்றுநோய் வந்த குரல்வளையை முழுதாக எடுத்துவிடுவது. 1873 கடைசி நாளில் வியன்னாவில் டாக்டர் பில்ராத் முதன்முதலாகப் புற்றுநோய்க்காக இதைச் செய்தார். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு வாய்க்கும் நுரையீரலுக்கும் வழியே கிடையாது. ஆயுசு முழுக்கக் கழுத்துத் துளைதான் மூக்கு. அப்படிப்பட்டவருக்கு மூச்சு முட்டும்போது வாயிலும் மூக்கிலும் ஆக்சிஜன் மாஸ்க் வைத்தால் பிரயோஜனம் இல்லை. கழுத்தில் வைக்க வேண்டும். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி ஓட்டைதான். வித்தியாசம் தெரியாதவர் பக்கத்தில் நிற்பதே ஆபத்து.

முதல் வகையில் ஒரு நுணுக்கம். டியூபின் வாயில் 'பேச்சு வால்வு' ஒன்றைப் பொருத்தினால் நோயாளி பேச முடியும். தசைநோயால் வென்டிலேட்டரில் இருந்த டேவிட் மியூர் என்ற அமெரிக்க இளைஞர், தனக்குப் பேச வழி வேண்டும் என்று 1980-களில் உருவாக்கியது அது. ஒருவழிப் பாதை. மூச்சு டியூப் வழியே உள்ளே போகும், ஆனால் அதே வழியில் வெளியே வர முடியாது. குரல் நாண் வழியாக வாய்க்குத்தான் வந்தாக வேண்டும். அதனால் குரல் பிறக்கும். ஆனால் பல டியூப்களின் நுனியில், மூச்சுக்குழாயை அடைத்துக்கொள்ள ஒரு சின்ன பலூன் இருக்கும். அந்தப் பலூனில் காற்றை இறக்காமல் வால்வை மாட்டிவிட்டால்? உள்ளே போன மூச்சு வெளியே வர எந்த வழியும் இல்லை. நிமிடங்களில் உயிர் போய்விடும்.

இந்த வால்வைப் பொருத்திப் பேச வைப்பதில் முக்கியப் பங்கு, நம் தெருப் பெண் படிக்கிறாளே, அந்தப் படிப்பு படித்தவர்களுக்குத்தான். இதைப் புத்தகத்தில் படம் பார்த்து மனப்பாடம் செய்துவிட்டு நேரே நோயாளியிடம் போனால் போதுமா? தியேட்டரில் நின்று, அந்தத் துளை எங்கே போடப்படுகிறது, பலூன் எங்கே உட்காருகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டாமா? சொல்லுங்கள்!

குரல்வளையை எடுத்தவர்களையும் பேச வைக்கிறார்கள். மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே சின்னத் துளையிட்டு, சிலிக்கான் வால்வு ஒன்றை வைக்கும் முறை 1980 வாக்கில் அமெரிக்காவில் வந்தது. கண்டுபிடித்தவர்கள் பெயரால் அதை 'ப்ளோம்-சிங்கர்' என்பார்கள். சிங்கர், சர்ஜன். ப்ளோம், பேச்சு நோயியல் நிபுணர். ஒருவர் கத்தியைப் பிடிக்க, இன்னொருவர் குரலைக் கவனிக்க, இருவரும் சேர்ந்ததால் வந்த பலன் அது. இறக்குமதி வால்வுக்கு ஆயிரக்கணக்கில் ஆகும். சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும். பெங்களூருவில் புற்றுநோய் சர்ஜன் டாக்டர் விஷால் ராவ், 'ஓம்' என்ற பெயரில் சுமார் 50 ரூபாய் விலையில் ஒன்றை உருவாக்கினார் என்பதை இங்கே பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம். புகையிலை, குட்கா பழக்கம் இவ்வளவு பரவிக் கிடக்கும் நம் நாட்டில் வாய், தொண்டைப் புற்றுக்குக் குறைவா என்ன?

அடுத்து குரல் கம்மல். இது என் சரக்கு! ஆடாதோடை, அதிமதுரம், திரிகடுகு... பாட்டுக் கச்சேரிக்காரர்கள், பள்ளி ஆசிரியைகள் என்று எத்தனையோ பேருக்குக் கொடுத்து, நல்ல பலனும் பார்த்திருக்கிறேன். இருந்தாலும் எனக்கு நானே ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். மூன்று வாரம். அதற்குமேல் கம்மல் நீடித்தால் என் மருந்தை நிறுத்திவிட்டு, காது மூக்கு தொண்டை டாக்டரிடம் குரல் நாணைப் பார்த்துக்கொண்டு வரச் சொல்லிவிடுவேன். புகைப்பவராக இருந்தால் மூன்று வாரம்கூடக் காத்திருப்பதில்லை.

ஏன் என்கிறீர்களா? குரல் நாணுக்கு வரும் நரம்பின் பாதை விசித்திரமானது. மூளையிலிருந்து புறப்பட்டுத் தொண்டைக்கு வர வேண்டிய இடது பக்கத்து நரம்பு, தொண்டையைத் தாண்டி மார்புக்குள் இறங்கி, இருதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் அடியில் வளைந்து, திரும்ப மேலே ஏறித்தான் குரல் நாணுக்கு வருகிறது. சென்னையில் ரயிலேறி விழுப்புரத்தில் இறங்க வேண்டியவர், தூங்கிப்போய்த் திருச்சியில் விழித்து, எதிர் ரயில் பிடித்து விழுப்புரம் வருகிற மாதிரி! ஆகவே நுரையீரலில் கட்டி இருந்தாலும் குரல் கம்மும். தைராய்டு ஆபரேஷனில் நரம்பு பாதிக்கப்பட்டாலும் கம்மும். இருதய ஆபரேஷனுக்குப் பிறகும் சிலருக்குக் கம்மும். குரல் பயிற்சி கொடுக்க உட்காரும் பெண்ணுக்கு இந்த ரயில் பாதை தெரிந்திருக்க வேண்டும். 'எப்போதிலிருந்து கம்முகிறது, கழுத்தில் ஏதும் ஆபரேஷன் நடந்ததா' என்று கேட்கத் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் நுரையீரல் கட்டியை வைத்துக்கொண்டு 'ஆ, ஈ, ஊ' பயிற்சிதான் நடக்கும்.

இன்னொன்று. காலையில் கணீரென்று பேசுபவர், பேசப் பேச, மாலை ஆக ஆக, மூக்கால் பேசுவது போல் ஆகிறார் என்றால் அது தொண்டை நோயே அல்ல. நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி போகும் இடத்தில் வரும் 'மயஸ்தீனியா' என்ற நோயாக இருக்கலாம். ஐந்து நிமிடம் பார்த்து அனுப்பும் டாக்டர் கண்ணில் இது படாமல் போகலாம். முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பேச வைப்பவர் காதில் படும். பட வேண்டுமானால் அந்த நோயைப் பற்றி அவர் படித்திருக்க வேண்டும்.

குழந்தைகள் பக்கம் இதையெல்லாம்விடக் குழப்பம் அதிகம். இரண்டு வயதாகியும் பேசவில்லை என்றதும் 'நாக்கு ஒட்டியிருக்கு, வெட்டிவிடுங்க' என்று ஓடுகிறார்கள். பெரும்பாலான குழந்தைகளில் பேச்சுத் தாமதத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இன்னொரு கூட்டம், வசம்பை உரசி நாக்கில் தடவுகிறது. சித்த வைத்தியன் நானே சொல்கிறேன், நீங்களாகத் தடவாதீர்கள்! முதலில் காது கேட்கிறதா என்று சோதியுங்கள். அண்ணப் பிளவோடு பிறந்த குழந்தைக்கு எப்போது ஆபரேஷன், காது கேளாத குழந்தைக்குக் காக்ளியர் கருவி பொருத்தினால் பலன் எவ்வளவு, இதிலெல்லாம் சர்ஜனோடு உட்கார்ந்து பேசும் தகுதி இந்தப் படிப்புக்கு வேண்டும். தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்குக் காக்ளியர் ஆபரேஷன் செய்கிறார்கள். ஆபரேஷன் சில மணி நேர வேலை. கேட்கவும் பேசவும் பழக்குவது வருடக்கணக்கு வேலை.

எதிர்க்கருத்து இல்லாமல் இல்லை. என் நண்பர், காது மூக்கு தொண்டை நிபுணர் ஒருவர், "எல்லாரும் அரை டாக்டர் ஆகிட்டா நாங்க என்ன பண்றது?" என்று கேலி செய்வார். அதில் நியாயமும் உண்டு. அரைகுறை அறிவோடு மருந்து எழுத ஆரம்பித்தால் ஆபத்துதான். ஆனால் நான் கேட்பது வெட்டத் தெரிந்த அறிவை அல்ல. எங்கே நிறுத்த வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும் என்று தெரிந்த அறிவை. பிணத்தை அறுத்துப் படித்த நான் யாருக்கும் ஆபரேஷன் செய்ததில்லை. ஆனால் எந்த வயிற்று வலிக்குக் கஷாயம் கொடுக்கக்கூடாது என்று எனக்குத் தெரிந்தது அந்தப் படிப்பால்தான்.

மொழியியல், உளவியல் எல்லாம் குறைந்துவிடுமே என்று இன்னொரு கவலை. குறையக்கூடாதுதான். 1861-இல் பாரிஸில் டாக்டர் புரோகா, 'டான்' என்ற ஒரே அசையைத் தவிர வேறெதுவும் பேச முடியாத நோயாளியின் மூளையைப் பரிசோதித்து, பேச்சுக்கு உரிய இடத்தைக் காட்டினார். அன்றிலிருந்தே மொழியும் மூளையும் சேர்த்துப் படிக்க வேண்டிய விஷயமாகிவிட்டது. முதுகலை இரண்டு வருடத்தில் நரம்பியல் வார்டு, தீவிர சிகிச்சைப் பிரிவு, புற்றுநோய்ப் பிரிவு, தியேட்டர் எல்லாவற்றிலும் மாணவர்கள் கட்டாயம் நிற்க வேண்டும் என்பது என் கட்சி. நோட்டில் கையெழுத்து வாங்கும் சம்பிரதாயமாக அல்ல. டாக்டர்கள் ரவுண்ட்ஸ் போகும்போது கூடவே போய், கேள்வி கேட்டு, பதில் சொல்லி.

ஆஸ்பத்திரிகளுக்கும் ஒரு வார்த்தை. எத்தனை இடத்தில் பார்க்கிறேன், பேச்சுப் பிரிவு என்பது வராந்தாக் கோடியில் ஒரு சின்ன அறை. பக்கவாத நோயாளிக்கு டிஸ்சார்ஜ் அன்று சீட்டில் ஒரு வரி, 'ஸ்பீச் தெரபி பார்க்கவும்'. முதல் வாய்க் கஞ்சி கொடுப்பதற்கு முன்னால் அல்லவா அவரைக் கூப்பிட வேண்டும்! கூப்பிடவில்லை என்றால் நீங்கள் கேளுங்கள். 'இவர் விழுங்கலாமா என்று யார் பார்த்தார்கள்?' இந்த ஒரு கேள்விக்கு ஆஸ்பத்திரியில் பதில் சொல்லியாக வேண்டும். வெளியே பார்ப்பதானால், இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கடைசியில், "அதெல்லாம் சரி டாக்டர், ராத்திரி சாப்பாட்டுக்கு என்ன பண்றது?" என்றார். அம்மாக்கள் அம்மாக்கள்தான்!

"மிளகு ரசமும் சுட்ட அப்பளமும் வைங்க. சாப்பிடும்போது 'இன்னிக்கு என்ன பார்த்தே'ன்னு கேக்காதீங்க. கை கழுவின பிறகு கேளுங்க. அவளுக்குச் சொல்ல நிறைய இருக்கும்" என்றேன்.

போன வாரம் மறுபடி வந்தார். இந்தத் தடவை முழங்காலுக்கேதான். பெண் படிப்பைத் தொடர்கிறாளாம். வீட்டில் அவள் தாத்தாவுக்குக் கை நடுக்கம், அதற்கு மாத்திரை சாப்பிடுகிறார். காபி குடிக்கும்போதெல்லாம் செருமுவார். வயசானால் அப்படித்தான் என்று எல்லோரும் விட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு, அவர் கழுத்தில் இரண்டு விரலை வைத்து, "தாத்தா, ஒரு வாய் முழுங்குங்க" என்றிருக்கிறாள். திங்கட்கிழமையே கூட்டிப்போய்ப் பரிசோதித்தாகிவிட்டது. இப்போது தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்து, டம்ளரை வாயில் வைத்துச் சின்னச் சின்ன வாயாகத்தான் குடிக்க வேண்டுமாம். அண்ணாந்து குடிக்கவே கூடாது என்று பேத்தியின் உத்தரவு. எழுபத்தெட்டு வருடமாக எச்சில் படாமல் குடித்தவருக்கு அதில்தான் கொஞ்சம் கோபம்.